தும்மினவன் வெளியே

மிர்ராபினில் மருந்துக்கடைக்காரியாக இருப்பதைப் போல அவமானமான பிழைப்பு வேறு இல்லை. ஜூன் மாதம் இங்கே குளிர்காலம், மழை பிடித்தால் ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரியும். என் கடை வாசலில் நின்று இருமுவார்கள், கண்ணாடியில் தெரியும் தங்கள் சிவந்த மூக்கைப் பார்த்துக்கொள்வார்கள், அப்படியே நடையைக் கட்டுவார்கள். உள்ளே ஒருவர் வரவேண்டுமே! ஏனென்றால் இந்த ஊரில் சளி என்றால் ஆல்பி டல்லக்தான்.

ஆல்பி காலமெல்லாம் பால் லாரி ஓட்டியவர். விடியுமுன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் அவருக்கு ஓய்வு கிடையாது. ஃபுட்டி என்று காலாலும் கையாலும் ஆடுகிற இந்தப் பக்கத்துப் பந்தாட்டம், அதற்கான ஊர் அணிக்கு அவர்தான் மைதானத்து வைத்தியர். ஆட்டம் சொல்லிக்கொடுப்பது டேமோவின் வேலை. ஆல்பி கெண்டைக்காலைப் பிடித்துவிடுவார், பிசகிய விரலை இழுத்துவிடுவார், மஞ்சள் சட்டையும் தண்ணீர் சீசாவுமாக ஆட்டத்துக்கு நடுவே ஓடுவார். சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று, மீந்துபோனது.

அவருடைய மருந்துக்கு 'கறுப்பு' என்று பெயர். செய்முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, கறுப்புச் சர்க்கரைப் பாகில் ஒரு ராத்திரி ஊறப் போட வேண்டும். உரிக்காத பூண்டை நசுக்கிப் போட வேண்டும். கொல்லை எலுமிச்சை, இஞ்சி, காரமான ஒருவகை முள்ளங்கி வேர், ஒரு தம்ளர் ரம். கடைசியாகப் பெரிய கரண்டியால் ஒரு கரண்டி வெஜிமைட், ரொட்டியில் தடவித் தின்கிற கரிய உப்புப் பசை.

"வெஜிமைட் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உப்புக்கு."

"அதுக்கு உப்பையே போடலாமே?"

அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். யூகலிப்டஸ் தைலத்தையும் அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். அது உள்ளுக்குச் சாப்பிடுகிற சாமான் இல்லை, கைக்குட்டையில் தெளித்து முகர்வதோடு நிறுத்து என்று சண்டை போட்டு நிறுத்தியது நான். இருபது வருடத்தில் ஆல்பியிடம் நான் ஜெயித்தது அந்த ஒரு வழக்குதான்.

யார் வீட்டில் இருமல் சத்தம் கேட்டாலும் மறுநாள் காலை வாசற்படியில் பழைய ஜாம் ஜாடி ஒன்றில் கறுப்பு உட்கார்ந்திருக்கும். இங்கே அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேர் கெட்டுவிடும். ஆல்பியின் ஜாடிகள் மற்ற எந்தப் பாத்திரத்தையும்விட வேகமாகத் திரும்பி வந்துவிடும். அவர் அந்தக் காலி ஜாடிகளை ஜன்னலோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்து என்னிடம் காட்டுவார்.

"பாத்தியா கெமிஸ்ட்டு, ஒரு சொட்டு மிச்சம் வெக்கல."

அணியின் உடைமாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு வேலிச்செடி வரிசை இருந்தது. அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த பகுதி மட்டும் கருகிப்போய்விட்டது. புதிதாக நட்டார்கள். அதுவும் கருகியது. ஏனென்று ஊருக்கே தெரியும். ஆல்பி மட்டும் மண் சரியில்லை என்று சாணம் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. அவருக்குச் சளி பிடித்ததே கிடையாது. நாள் முழுக்கத் தும்முகிறவர்கள் நடுவில் இருந்தாலும் அவர் மூக்கு காய்ந்தே இருக்கும். அந்தத் திமிரில் அவர் போட்ட சட்டம்தான் 'தும்மினவன் வெளியே'. இறுதிச் சுற்று நடக்கும் வாரங்களில், ஒரே ஒரு தும்மல் போட்டாலும் அந்த ஆள் அறைக்குள்ளும் வரக்கூடாது, மைதானத்துக்குள்ளும் வரக்கூடாது. அணியில் ஒருவனுக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடும் என்பார். அதில் தப்பில்லை, நானே சொல்லியிருப்பேன். ஆனால் போன வருடம் அரையிறுதி அன்று காலையில் டைனி தும்மினான்.

டைனி எங்கள் அணியின் கோல் அடிக்கிறவன். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், மாட்டுக் கொட்டகைக் கதவு அகலம். இந்த ஊரில் அப்படிப்பட்டவனுக்குத்தான் 'பொடியன்' என்கிற அர்த்தத்தில் டைனி என்று பெயர் வைப்பார்கள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவனை ஆல்பி எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார். அது சளி இல்லை, குதிகாலுக்குப் போட்ட பவுடர் மூக்கில் ஏறிவிட்டது என்று அவன் கெஞ்சினான். சட்டம் சட்டம்தான் என்றார் ஆல்பி. அன்று ஒரே ஒரு கோலில் தோற்றோம். கிறிஸ்துமஸ் வரை டைனி அவரோடு பேசவில்லை.

இந்த வருடம் இறுதிப்போட்டிக்கே வந்துவிட்டோம். நான் இந்த ஊருக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஆல்பி பால் லாரி ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஒரு தடவை வந்ததாகச் சொல்வார்கள், அன்றைக்கு அவர் டயர் வெடித்து நடுக்காட்டில் நின்றுகொண்டிருந்தாராம். அதனால் இந்தச் சனிக்கிழமைக்காக அவர் புது மஞ்சள் சட்டை வாங்கி, நெரிடாவிடம் இஸ்திரி போடச் சொல்லி, ஹாலில் மாட்டி வைத்திருந்தார். நெரிடா அவர் மனைவி.

செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்தும் நேரத்தில் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஆல்பி. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, திருடப் போகிறவர் மாதிரி நின்றார்.

"ஒரு ஆளுக்குச் சளி," என்றார்.

"யாருக்கு?"

"சிநேகிதன் ஒருத்தன். உனக்குத் தெரியாது."

இந்த ஊரில் எனக்குத் தெரியாத மூக்கு கிடையாது. "எப்பலேர்ந்து?" என்றேன்.

"நேத்துலேர்ந்து தொண்டை கரகரங்குதாம். மூக்குல ஏதோ ஊர்ற மாதிரி..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் கோணியது, கண் மூடியது, ஒரு தும்மல். கவுண்டர் மேல் நிறுத்தியிருந்த வாழ்த்து அட்டைகள் சரிந்து விழுந்தன.

"சிநேகிதன் வந்துட்டான்போல," என்றேன்.

அவர் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சனிக்கிழமைக்குள்ள போயிடுமா?"

"போகாது."

"இதக் குடுத்தா?" என்று மாத்திரைப் பெட்டியைக் காட்டினார்.

"ஒழுகறது கொஞ்சம் நிக்கும். சளி அதுபாட்டுக்கு இருந்துட்டுத்தான் போகும்."

"அப்புறம் எதுக்கு விக்கிற?"

"நீ எதுக்குக் காய்ச்சுற?"

"என்னோடது கேக்கும்."

"அப்ப அதையே குடிக்க வேண்டியதுதானே."

அவர் மாத்திரைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆல்பி, நீ அதக் குடிச்சதே இல்லையா?"

"சளி வந்தாத்தானே குடிக்கிறதுக்கு," என்றார் எரிச்சலோடு.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். நான் சொல்லவில்லை. சொன்னது நெரிடா. புதன்கிழமை காலை பேக்கரியில் சொன்னார், பிறகு என் கடைக்கும் வந்து, கேட்காமலேயே மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"ஒரு பெரிய கரண்டி ஊத்திக் குடுத்தேன். வாய்க்குள்ள போச்சு பாரு, மனுஷன் கண்ணு ரெண்டும் நெத்திக்குப் போயிடுச்சு. சிங்க் பக்கம் ஓடுனாரு. நான் குறுக்க நின்னுட்டேன்."

"ஏன்?"

"ஏனா? ஊர்ல இருக்குற ஒவ்வொரு வாய்லயும் இத ஊத்துன ஆளு. முழுங்குன்னேன். 'நெரிடா, இதுல என்னமோ கெட்டுப்போச்சு'ன்னாரு. 'ஒண்ணும் கெடல, இது இப்படித்தான்'னேன். 'உனக்கெப்படித் தெரியும்'னாரு. கல்யாணம் ஆன வருஷம் எனக்கு ஒரு தடவ குடுத்தியே, அதுக்கப்புறம் எனக்குச் சளி வந்தா உங்கிட்ட சொன்னதே இல்ல, தெரியுமான்னேன்."

அன்று மத்தியானத்துக்குள் ஆல்பி வீட்டு வாசற்படியில் கால் வைக்க இடமில்லை. ஊர் மொத்தமும் மருந்தோடு வந்து இறங்கியது. சிலர் உண்மையான கவலையில் வந்தார்கள். சிலர் வந்தது கடனைத் தீர்க்க, அது முகத்திலேயே தெரிந்தது. தபால்காரி கோழி சூப் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், வெங்காயத் துண்டுகளைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு தூங்கினால் விடிவதற்குள் சளி இறங்கிவிடும் என்று, காலுறையையும் தானே கொண்டுவந்தார். இறைச்சிக்கடைக்காரர் வாத்துக் கொழுப்பை நெஞ்சில் தேய்க்கச் சொன்னார். கடுகு கரைத்த வெந்நீரில் கால் வை என்றார் ஒருவர், காலில் தண்ணீரே படக்கூடாது என்றார் இன்னொருவர். நெரிடா எல்லாவற்றையும் செய்தார். ஒன்றைக்கூட விடவில்லை.

வியாழக்கிழமை நான் உப்புநீர் மூக்குச் சொட்டோடு போனபோது, ஆல்பி சமையலறையில் போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். வெங்காயம், கொழுப்பு, கடுகு எல்லாம் சேர்ந்து, அந்த வீட்டில் ஏதோ ஒரு மிருகத்தை வதக்குகிற மாதிரி வாசம் வந்தது. மேசைமேல் அவருடைய கறுப்பு ஜாடி பாதியாகியிருந்தது, அதற்குள்ளேயே கரண்டி. குரல் போய்விட்டிருந்தது. காற்றுதான் வந்தது.

கதவைக் குனிந்து தாண்டிக்கொண்டு டைனி வந்தான். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"எப்படி இருக்க பெருசு?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு தும்மல் பதில் சொன்னது.

"மூக்கப் புடிச்சுக்கிட்டு முழுங்கு. நாக்குல படாம தொண்டைக்கு நேரா விட்டா பாதி தெரியாது," என்றான் ஜாடியைப் பார்த்து.

ஆல்பி போர்வையை விலக்கினார். முகம் வெந்த நண்டு மாதிரி இருந்தது. "காலைலேர்ந்து வந்தவங்க எல்லாரும் இதையே சொல்றாங்க," என்றார் காற்றுக் குரலில். "இவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. எப்படிடா குடிச்சீங்க இத்தன வருஷமா?"

டைனி என்னைப் பார்த்தான். நான் மூக்குச் சொட்டுச் சீசாவின் மேல் ஒட்டியிருந்ததைக் கவனமாகப் படித்தேன்.

"பெருசு, அந்த வேலிச்செடி எதுனால செத்துச்சுன்னு நெனைக்கிற?"

ஆல்பி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த காலி ஜாடிகளைப் பார்த்தார். நெரிடா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப எதுக்கு வாங்குனீங்க?"

"நீ குடுத்த. வாங்குனோம்," என்றான் டைனி. அதற்குமேல் அவனுக்கும் விளக்கத் தெரியவில்லை. பிறகு வந்த காரியத்தைச் சொன்னான்: "டேமோ அனுப்பிச்சான். சனிக்கிழமைக்கு என்ன செய்யறதுன்னு கேட்டுட்டு வரச்சொன்னான். சட்டம் உன்னோடது. நீயே சொல்லு."

போன வருடத்துக் கோபமெல்லாம் சேர்த்து அவன் இதைக் கொண்டாடப் போகிறான் என்று நினைத்துத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் ஆல்பியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆல்பி ஹால் பக்கம் பார்த்தார். புது மஞ்சள் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெளியே," என்றார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அடுத்தவன் கெண்டைக்காலைப் பிடித்தே வயதானவர், ஒரே ஒருநாள் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டார். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவர் வாயாலேயே அவரை வெளியே அனுப்பிக்கொண்டார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் என் பக்கம் விரலை நீட்டினார்.

"இவ ஓடட்டும். மருந்துக்கடைதானே வெச்சிருக்கா. சும்மாதானே ஒக்காந்திருக்கா."

இப்படியாகச் சனிக்கிழமை, முழங்கால்வரை தொங்கும் மஞ்சள் சட்டையில், எங்களுக்கும் எதிரணியான டொனலி ஊர்க்காரர்களுக்கும் பொதுவான மூன்றாவது ஊர் மைதானத்தில், நான் தண்ணீர் சீசாவோடு நின்றேன். வேலியைச் சுற்றிலும் கார்கள் மைதானத்தைப் பார்த்து நெருக்கியடித்து நின்றன. எங்கள் பக்கம் பாதி ஜனம் காரைவிட்டு இறங்காமல்தான் ஆட்டம் பார்க்கும். கோல் விழுந்தால் ஹாரன் அடிக்கும். ஆல்பியின் வண்டியை நெரிடா முதல்நாளே கொண்டுவந்து நடு வேலியில் நிறுத்திவிட்டிருந்தார். ஆல்பி உள்ளே ஜன்னலை ஏற்றிவிட்டு, கழுத்தில் துண்டும் கைக்குட்டையில் யூகலிப்டஸுமாக உட்கார்ந்திருந்தார். வண்டி மைதானத்துக்கு வெளியே நிற்கிறது, சட்டப்படி சரி.

குரல் இல்லாததால் அவர் எனக்கு ஹாரனில் உத்தரவு போட்டார். நான் மெதுவாக ஓடினால் ஒரு ஹாரன். தப்பான பக்கம் ஓடினால் இரண்டு. ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நான் வலதுகாலுக்குப் பதில் இடதுகாலைத் தேய்த்தேன், அதற்கு அடித்த ஹாரனில் நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கடைசிக் கால்பகுதிக்கு முந்திய இடைவேளையில் மூன்று கோல் பின்னால் இருந்தோம். பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். டேமோ கைகளைத் தட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, அணி முழுவதையும் வேலியோரம் ஆல்பியின் வண்டி முன்னால் கூட்டிக்கொண்டு போனான். டேமோ பேசினான். நல்ல பேச்சுதான், யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கண்ணாடிக்குள் இருந்த ஆல்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டைனி வேலியைத் தாண்டிக் குதித்தான். நெரிடா பக்கத்து ஜன்னலைத் தட்டி, திறந்ததும் கையை உள்ளே விட்டு, முன்னால் இருந்த கறுப்பு ஜாடியைக் கரண்டியோடு எடுத்தான்.

"இந்த மனுஷனோடத இதுவரைக்கும் ஒருத்தனும் முழுசாக் குடிச்சதில்ல," என்றான். "இன்னிக்குக் குடிக்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி. எந்தப் பயலும் துப்பக்கூடாது."

ஆல்பி ஹாரனை அழுத்தினார். விடவே இல்லை. ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே மறுகையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். தலையை ஆட்டினார். வாய் என்னமோ சொன்னது, காற்றுகூட வெளியே வரவில்லை. பையன்களுக்கு அது வாழ்த்தாகப் பட்டது. சுற்றிலும் இருந்த எங்கள் ஊர்க் கார்களும் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஜாடி கைமாறிக் கைமாறி வந்தது. ஒருவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். ஒருவன் தன் தாயைக் கூப்பிட்டான். டேமோவும் குடித்தான்.

"கெமிஸ்ட்டும் குடிக்கணும். சட்டை போட்டிருக்கியே," என்று டைனி என்னிடம் நீட்டினான்.

குடித்தேன். முதலில் இனிப்பு. அடுத்து வெங்காயம். அதற்குப் பிறகு வெஜிமைட் வந்து நாக்கின்மேல் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது. பூண்டு காதுவழியாக வெளியேறியது. இதைக் கொடுக்கிறவரும் நல்லவர், வாங்கிக்கொண்டு செடிக்கு ஊற்றுகிறவர்களும் நல்லவர்கள் என்று ஒரே நொடியில் விளங்கியது.

பிறகு நடந்ததற்கு வீரம் என்று பேர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. டொனலியில் டைனியைக் காவல் காக்கிறவன் அதுவரை அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தான், மூச்சு கழுத்தில் படுகிற நெருக்கம். டைனி ஒருமுறை திரும்பி வாயைத் திறந்து மூச்சு விட்டான். அவ்வளவுதான். காவல்காரன் மூன்றடி பின்னால் போனான், ஆட்டம் முடியும்வரை அந்த மூன்றடியை அவன் திரும்பக் கடக்கவில்லை. மைதானம் முழுக்க இதே கதை. டொனலிக்காரர்கள் எங்கள் பையன்களைச் சுற்றி மரியாதையான தூரத்தில் ஓடினார்கள். டைனி நான்கு கோல் அடித்தான். ஒரு கோலில் ஜெயித்தோம்.

கோப்பையோடு எல்லோரும் வண்டிக்கு ஓடினார்கள். டைனி கதவைத் திறந்து ஆல்பியை அப்படியே வெளியே தூக்கினான். நான் என் மஞ்சள் சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார், மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. என் காதைப் பிடித்து இழுத்து, இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"மடச்சி. அது நான் வாரம் முழுக்க வாய் வெச்ச ஜாடி. கரண்டியும் அதேதான்."

செவ்வாய்க்கிழமைக்குள் மொத்த அணியும் படுத்துவிட்டது. பையன்கள் வீட்டு மாடுகளைக் கறக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. நானும் கடையைச் சாத்திவிட்டுப் படுத்தேன். சளிக்கு மருந்து விற்கிறவளுக்குச் சளி வந்தால் யாரிடம் போவது? அலமாரி நிறைய மாத்திரை இருக்கிறது, அதெல்லாம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கதவு தட்டும் சத்தம். ஆல்பிக்குக் குரல் திரும்பியிருந்தது.

"தெறந்துதான இருக்கு, வர்றேன்," என்று உள்ளே வந்து, கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் புது ஜாடி.

"அதோட ருசி உனக்கே தெரியுமே ஆல்பி," என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

"தெரியும். அதான் ரெண்டு கரண்டி கொண்டாந்தேன்."

ஒரு கரண்டியை நிரப்பி முதலில் தானே குடித்தார். கண்கள் நெற்றிக்குப் போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தன. தொடையில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டார். பிறகு மற்றக் கரண்டியை நிரப்பி என் வாய்க்கு நேரே நீட்டினார். வேறு வழியில்லாமல் குடித்தேன். நாக்கில் ஒட்டிய வெஜிமைட் இறங்கும்வரை ஒருவரையொருவர் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தோம். என் சளி அதனால் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அவர் எழுந்து போகக்கூடாது என்றிருந்தது. டைனி வீட்டுக்கும் போக வேண்டும் என்று எழுந்தபோது, அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

தினமும் வந்தார். தினமும் இரண்டு கரண்டி. குணமான பிறகு ஜாடியைக் கழுவித் துடைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கடைசியா கொஞ்சம் இருந்துச்சே?"

"குடிச்சிட்டேன்."

சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு கடைவரை நடந்து வந்தார். வாசலில் இருந்த தொட்டிச் செடிமுன் குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்தார், மண்ணை விரலால் கிளறி முகர்ந்து பார்த்தார். செடி பச்சையாகத்தான் இருந்தது.